வத்தம் பார்த்து ஒரு தேதி

மார்ச்சில் அழைத்துச் சொன்னதும் நான்தான்:
"இப்போது வர வேண்டாம், நாங்களே கூப்பிடுகிறோம்."
ஒரே நாளில் அறுபத்திரண்டு முறை.
அறுபத்து மூன்றாவது ஆளிடம்
பாதியில் தொண்டை கட்டிக்கொண்டது.
அவர்தான் எனக்கு ஆறுதல் சொன்னார்.

பதினாறு மாதம் கழித்து
அதே நாற்காலி, அதே தொலைபேசி,
சுருள் கம்பியில் அதே சிக்கல்.
ஜன்னலுக்கு வெளியே பெரோல் கப்பல்துறையின் கிரேன்
எதையோ தூக்கப்போவதுபோல் நிற்கிறது.

பட்டியலில் ஆயிரத்து நூற்று நாற்பத்தொரு பெயர்.
சிவப்பு, மஞ்சள், பச்சை.
பச்சை என்றால் காத்திருக்கலாம்.
இத்தனை மாதம் பச்சை பச்சையாகவே இருக்குமா
என்று எக்செல்லிடம் யாரும் கேட்கவில்லை.

கீழ்த்தளத்தில் கதிர்வீச்சு எந்திரம்
இப்போது சனிக்கிழமையும் ஓடுகிறது, இரவு பத்து வரை.
அதை ஓட்டும் அன்ஷோ
நின்றபடியே சாப்பிடப் பழகிவிட்டான்.
ஒரு நாளைக்கு எட்டுப் பேர் கூடுதல்.
கணக்குப் போட்டுப் பார்த்தேன்.
பிறகு அந்தத் தாளைக் கிழித்துப் போட்டேன்.

எர்மிதாஸ் வீட்டில் மணி ஒன்பது முறை அடித்தது.
எடுத்தவர் கணவர்.
"அவள் நவம்பரிலேயே போய்விட்டாள்."
என் மேசையில் இதற்கென்று
அச்சடித்த வாசகம் ஒன்று உண்டு.
வாசிக்கவில்லை.
அவரே கேட்டார்:
"அவளுடைய இடத்தை வேறு யாருக்காவது கொடுப்பீர்களா?"
கொடுப்போம் என்றேன்.
"சீக்கிரம் கொடுங்கள்."

அந்த இடத்துக்குத்தான் தோசிந்தாவை அழைத்தேன்.
நெடாவில் சேற்றில் மட்டி வாருகிறவள்.
இடது மார்பில் கட்டி,
பார்த்த தேதி போன வருஷம், பிப்ரவரி.
புதன், காலை ஒன்பதரை என்றேன்.

"புதனா? புதன் பெரிய வத்தம்.
கடல் அவ்வளவு தூரம் ஒதுங்குவது
மாதத்தில் நாலைந்து நாள்தான்."

எனக்குக் கோபம் வந்தது, மறைக்கவில்லை.
அம்மணி, இது உங்கள் உயிர் என்றேன்.

மறுமுனையில் நாய் குரைத்தது. அதை அதட்டிவிட்டு
அவள் நிதானமாகச் சொன்னாள்:
"பதினாறு மாதம் உங்களுக்காகக் காத்திருந்தேன்.
கடல் மட்டும்தான்
சொன்ன நேரத்துக்கு வந்து
சொன்ன நேரத்துக்குப் போனது."

பதில் எதுவும் அச்சடித்து வைக்கப்படவில்லை.
ரிசீவரைத் தோளில் இடுக்கிக்கொண்டு
துறைமுகத்தின் நீரேற்ற அட்டவணையைத் தேடினேன்.
புதன். காலை பத்துக்கு வத்தம்.
மாலை நாலேகாலுக்கு ஏத்தம் முழுசாக.
"அதே புதன், நாலேகால். கடல் அப்போது உங்களை விடும்."
"விடும்" என்றாள்.
ஊசிச் சோதனைக்கு மருத்துவர் பர்தோ
கோட்டைக் கழற்றிவிட்டுத் திரும்ப உட்கார்ந்தார்.

வந்தாள்.
முகக்கவசத்துக்கு மேல் புருவத்தில் உப்பு.
நகத்தடியில் கருஞ்சேறு.
பையிலிருந்து ஒரு பித்தளை அளவியை எடுத்துக் காட்டினாள்.
மட்டி இந்த வாய்க்குள் நுழைந்தால் சிறியது,
கடலிலேயே திரும்பப் போட வேண்டும், சட்டம்.

"இதையும் அளந்து பார்த்தேன்" என்றாள்,
சட்டையின் மேல் வைத்து.
"போன பிப்ரவரியில் நுழைந்தது.
தலைகீழ் வேலை இது, பெண்ணே.
சிறிதாக இருக்கும்போதே எடுத்திருக்க வேண்டியது."

கதவு அவளுக்குப் பின்னால் சாத்திக்கொண்டது.
முடிவு வரப் பத்து நாள்.
அது ஏழாக வேண்டும் என்று
ஆய்வகத்துக்கு எழுதினேன்.
எழுதுவதற்கு எனக்கு அதிகாரம் இல்லை.

நீரேற்ற அட்டவணை இப்போது
பட்டியலுக்குப் பக்கத்தில் குண்டூசியில் தொங்குகிறது.
இரவுக் காவல் பார்ப்பவருக்குக் காலை வேண்டாம்.
மாடு கறப்பவளுக்கு ஆறு மணிக்கு மேல் வேண்டாம்.
எல்லாவற்றையும் ஓரத்தில் பென்சிலால்.

அடுத்த எண். மணி அடிக்கிறது.
மூன்று. நாலு.
எடுங்கள்.
நான்தான்.
கூப்பிடுகிறோம் என்று சொன்னவள்.